மிளகாய்த்தூள் காசு

யாழ்ப்பாணத்தில் வங்கியில் எடுத்த வீட்டுக் கடனைப் பற்றிச் சத்தமாகக் கதைக்கலாம். அதில் ஒரு மதிப்புக்கூட உண்டு. உத்தியோகம் இருக்கிறது, காணி உறுதி இருக்கிறது, பிணை நிற்க இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளையும் மறைக்கத் தேவையில்லை, அது முற்றத்திலேயே நிற்கிறது. ஆனால் நகை அடைவில், அதாவது அடகில், கிடக்கிறது என்பதைக் கூடப்பிறந்தவளுக்கும் சொல்லமாட்டோம். கிழமைக் காசு வாங்க வருகிற பெடியன் படலையில் நின்று கூப்பிட்டால், "ஆரோ இன்சூரன்ஸுக்கு ஆள் சேர்க்க வந்தது" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லி வைப்போம்.

2022 நடுப்பகுதியில் எங்கள் வீட்டில் எல்லா வகையும் இருந்தன. வீட்டுக்கு வங்கிக் கடன். இவருடைய மோட்டார் சைக்கிளுக்கு லீசிங். தாலிக்கொடி தவிர்ந்த என் நகை முழுவதும் அடைவில். கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடன் ஒன்று. லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணையிடம் வாங்கிய கைமாற்று. எல்லாவற்றுக்கும் மேலே சந்திக் கடைக் கொப்பி. இவர் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறார், நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கிளார்க். இரண்டு சம்பளம் வந்தும் பத்தாம் திகதிக்குப் பிறகு கையில் எதுவும் நிற்காது.

இப்போது அவற்றில் பெரும்பகுதி இல்லை. லொத்தர் விழவில்லை, வெளிநாட்டிலிருந்து யாரும் அள்ளித் தரவும் இல்லை. கொஞ்சம் மேல்வரும்படி, கொஞ்சம் சிக்கனம், அவ்வளவுதான். எப்படி என்று கேட்டவர்களுக்கு அரைகுறையாகச் சொல்லி அலுத்துப்போய் முழுதாக எழுதுகிறேன். இன்னொன்றும் உண்டு. சிக்கனம் பற்றி வாசிக்கக் கிடைப்பதெல்லாம் 'தினமும் கடையில் குடிக்கிற கோப்பியை நிறுத்துங்கள்' என்ற மாதிரி இருக்கிறது. உரும்பிராயில் எந்தக் கோப்பிக் கடையில் போய் நான் நிறுத்துவது?

2022ஐப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் அனுபவித்ததுதான். ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் தூக்கியது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஓகஸ்டில் மீன்பிடிப் படகுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனபோது எங்கள் பக்கத்து மீன் விலை என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஆனால் எங்கள் கடனெல்லாம் அந்த ஒரு வருடத்தில் வந்தது என்று சொன்னால் அது பொய். அந்த வருடம் வட்டியை ஏற்றியது. கடன் அதற்கு முன்பே வீட்டுக்குள் வந்து குந்தியிருந்தது.

கடன் இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த, யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையிலேயே ஒற்றியும் அடகும் வட்டிக்குக் கொடுக்கிற காசும் பேசப்படுகின்றன. காணியை ஒற்றி வைத்தால், காசு திரும்பும்வரை அந்தக் காணியின் விளைச்சல் காசு கொடுத்தவருக்கு. வட்டி என்று தனியாக எதுவும் இல்லை, மாங்காயும் தேங்காயும்தான் வட்டி. சிக்கனமும் எங்களுக்குப் புதிதில்லை. மாமியிடம் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையைப் பற்றிக் கேட்டால் போதும். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரித்த விளக்கு. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழக் களியில் தோய்த்த உடுப்பு. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள். இப்படி வாழ்ந்த சனத்துக்குச் சிக்கனத்தை யார் போய்ப் படிப்பிப்பது?

எனக்கு விளங்கிய வரையில், அந்தக் காலத்துச் சிக்கனத்தில் வாங்குவதற்குச் சாமானும் இல்லை, கடன் தரக் கம்பனியும் இல்லை. 2009இல் யுத்தம் முடிந்து ஏ9 வீதி திறந்தபின் சாமான் வந்தது. பின்னாலேயே வங்கிக் கிளைகளும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன்காரரும் வரிசையாக வந்தார்கள். நாங்கள் குசினியில் பழைய சிக்கனத்தை விடவில்லை. மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டே மாதத் தவணைக்கு ரீவி வாங்கினோம். ஒரு கையில் பழஞ்சோறு, மறு கையில் தவணைப் புத்தகம்.

எனவே முதலில் குசினியையே பார்த்தோம், பழக்கமான இடம் அதுதானே. அங்கே என்ன மிஞ்சும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்: அதிகமில்லை. கரண்ட் பில்லில் கொஞ்சம் பிடிக்கலாம். மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு அட்டவணைக்குப் போய்விடுகிறோம். அதற்கு மேலே 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் நிலையான கட்டணமும் ஏறும். மீற்றரை மாத நடுவில் ஒருமுறை பார்த்து, 90க்குள் நிற்குமா என்று கணக்குப் போட்டு, ஸ்திரிக்கைப் பெட்டியைக் கிழமைக்கு ஒரே தடவை போட்டோம். காஸ் சிலிண்டர் ஐயாயிரத்தை நெருங்கிய காலத்தில் சோறும் பருப்பும் வெளி அடுப்புக்கு வந்தன. பனைமட்டை, கங்குமட்டை, காய்ந்த ஊமல் எல்லாம் வளவிலேயே கிடக்கிறது. ஊமல் தணல் நெடுநேரம் நிற்கும், பால் காய்ச்சவும் கிழங்கு அவிக்கவும் அதைப்போல வேறில்லை. புகையில் கண் எரியும் என்பதையும் சொல்லவேண்டும், அது இலவசம் இல்லை.

கடைக் கொப்பியை நிறுத்தியதுதான் குசினியில் நடந்த ஒரே பெரிய விசயம். கடைக்காரர் நல்ல மனிதர், ஒருநாளும் கூட்டி எழுதியதில்லை. கொப்பியில் எழுதி வாங்கும்போது விலை கேட்கிற பழக்கம் போய்விடுகிறது. பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் ஒரு பிஸ்கற் பக்கற்றும் சேர்ந்து வரும். காசு கொடுத்து வாங்கத் தொடங்கியபின் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிழமைக்கு ஒருமுறை சைக்கிளில் போனோம். சந்தை கலைகிற நேரம் மரக்கறி விலை இறங்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததே. கீரையும் முருங்கையிலையும் வேலியில் இருக்க, கத்தரிக்காய் வாங்கத்தான் போகிறோமா என்று ஒரு கேள்வியும் வந்தது.

எல்லாம் சேர்த்து மாதம் சில ஆயிரம் மிஞ்சியது. அடைவில் இருந்த நகைக்கு வாங்கிய காசு 300,000 ரூபா. அந்த நேரம் எங்களுக்கு விழுந்த வட்டி 24 சதவீதம். வருடத்துக்கு 72,000, மாதத்துக்கு 6,000. பழஞ்சோற்றில் மிச்சம் பிடித்த காசு வட்டிக்கே காணாது. இந்தக் கணக்கைக் கலண்டர் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் மேல்வரும்படி பற்றி யோசித்தோம்.

அதற்கு முன் எந்தக் கடனை முதலில் பிடிப்பது என்று ஒரு வாக்குவாதம் வந்தது. இவருக்கு லண்டன் அண்ணையின் காசை முதலில் கொடுக்கவேண்டும். அது வட்டியில்லாத காசு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் அண்ணை முகம் தெரிந்தாலே இவர் கிணற்றடிக்குப் போய்விடுவார். நான் நுண்கடன் என்றேன். காரணம் இதுதான். அவர்கள் சொல்கிற வட்டி ஒன்று, வாங்குகிற வட்டி வேறு. 100,000 ரூபா எடுத்தால் வருடத்துக்கு 20 சதவீதம், மொத்தம் 120,000, மாதம் 10,000 வீதம் கட்டினால் முடிந்தது என்பார்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஆறு மாதம் கட்டியபின் எங்கள் கையில் இருப்பது அவர்களுடைய காசில் பாதிதான், வட்டியோ இன்னும் முழு ஒரு லட்சத்துக்கும் போகிறது. குறைந்துகொண்டு போகிற மீதிக்குக் கணக்குப் போட்டால் அந்த 20 சதவீதம் 35க்குக் குறையாது. இவர் கணக்குப் பார்க்கிற மனிதர், தாளை வாங்கி இரண்டுமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

நுண்கடன் இந்தப் பக்கத்தில் செய்த வேலையை வெளியூரில் இருப்பவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். வடக்கில் இதை எடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐந்தாறு பேரைக் குழுவாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்று வைப்பார்கள். வசூலிக்க வருகிறவரைவிடக் கூட இருக்கிறவளின் முகத்துக்குத்தான் பயம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கம்பனியில் எடுத்து, அதை அடைக்க மூன்றாவதில் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட கடனைக் கட்டமுடியாமல் இருந்த பெண்களின் சுமையை அரசு ஏற்பதாக அறிவிக்கவேண்டி வந்தது. அந்த வருடக் கடைசியில் மத்திய வங்கி, தன் அனுமதியோடு நடக்கிற நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும்? இத்தனைக்கும் மூளாயில் கூட்டுறவாக ஒரு ஆஸ்பத்திரியே நடத்திய மாவட்டம் இது. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இன்னும் பல ஊரில் இருக்கிறது, குறைந்த வட்டிக்குத் தருகிறது. அதில் பங்குக்காசு கட்டிச் சேர்ந்து, கொஞ்சக் காலம் சேமித்துக் காட்டவேண்டும். படலைக்கு வருகிற கடனுக்கு அந்தப் பொறுமை தேவையில்லை, அதனால்தான் அது வென்றது.

சரி, மேல்வரும்படி. ஊரில் எல்லோரும் சொல்கிற முதல் யோசனை ரியூசன். எனக்கு அது வராது, இவருக்குப் பொறுமை இல்லை. இரண்டாவது யோசனை ஊர்க்கோழி. முட்டைக்கு நல்ல விலை என்று மாமி கோழி வளர்த்தார். கீரிக்கும் நல்ல வேட்டை. பகலில் வளவில் மேய்ந்தால் தீனிச் செலவு இல்லை, மேயவிட்டால் கீரி விடாது. அடைத்து வளர்த்தால் தீனி விலை முட்டையை விழுங்கிவிடும். வீட்டுக்கு முட்டை வந்தது, விற்க அதிகம் வரவில்லை. பனங்கிழங்கு பரவாயில்லை. ஆவணி, புரட்டாசியில் விழுகிற பனங்கொட்டையைப் பொறுக்கிப் பாத்தி போட்டால் மார்கழி, தையில் கிழங்கு. முதல் என்று ஒரு சதமும் இல்லை, முதுகுதான் முதல். பச்சையாகக் கட்டுக்கட்டாக விற்றால் கிடைப்பதைவிட, அவித்துக் கிழித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக விற்றால் கூடுதல். ஆனால் வருடத்தில் ஒருதரம் வருகிற காசு அது. கடனுக்கு மாதாமாதம் காசு வேண்டும்.

இவர் இரண்டு சின்னக் கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். நான் மிளகாய்த்தூளில் இறங்கினேன்.

யாழ்ப்பாணத்தில் மிளகாய்த்தூள் விற்பது கடலில் உப்பு விற்பது மாதிரி என்று எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வீடு வறுத்துத் திரிக்கிற ஊர்தான். ஆனால் வேலைக்குப் போகிற பெண்கள் வறுப்பதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள், கடைத்தூளில் வாசமும் இல்லை. எங்கள் வீட்டு அளவு ஒரு கிலோ செத்தல் மிளகாய்க்கு ஒரு கிலோ மல்லி, பெருஞ்சீரகம் 200 கிராம், மிளகு 150, சின்னச்சீரகம் 100, வெந்தயம் 50, இரண்டு மூன்று துண்டு மஞ்சள், கறிவேப்பிலை இரண்டு கை. ஒவ்வொன்றும் தனித்தனியாக வறுபடவேண்டும். மல்லி சிறு நெருப்பில், வாசம் எழும்பி நிறம் மாறத் தொடங்குகிற இடத்தில் இறக்கவேண்டும், ஒரு நிமிடம் பிந்தினால் கசக்கும். வெந்தயமும் அப்படித்தான். செத்தலைக் கடைசியில் போடுவேன். போட்டபிறகு வீட்டில் யாரும் இருக்க முடியாது, பிள்ளைகள் படலைக்கு வெளியே நிற்பார்கள். கறிவேப்பிலை கையில் நொறுங்கவேண்டும். ஈரம் இருந்தால் ஒரு மாதத்தில் தூள் கட்டிபடும்.

அப்புறம் மில். மில்லில் எனக்கு முன்னால் யார் என்ன திரித்தார் என்று பார்த்துத்தான் கொடுப்பேன். அரிசி மாவுக்குப் பின்னால் கொடுத்தால் முதல் பிடி வெளிறி வரும், வேறு யாருடையதாவது மிளகாய்க்குப் பின்னால் கொடுத்தால் நல்லது. திரித்த தூள் கைவைக்க முடியாத சூட்டில் வரும். அதை ஓலைப்பாயில் தாள் விரித்துப் பரப்பி, முழுதாக ஆறவிட்டுத்தான் கட்டவேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு கட்டிக் கொடுக்கிறவர்கள் ஒருதரம்தான் விற்பார்கள்.

விலை போடுவதில்தான் இந்த மாதிரிச் சின்ன வேலைகள் பல விழுந்துபோகின்றன. செத்தல், மல்லி விலையைக் கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து ஒரு விலை சொல்லுவோம். வறுக்கும்போதும் திரிக்கும்போதும் கிலோவுக்கு 80, 100 கிராம் வரை காணாமல் போகும், அது கணக்கில் வராது. மில் கூலி, பை, விறகு வராது. எங்கள் நேரம் வரவே வராது. இவர் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, கிலோவுக்கு 250 ரூபாவாவது கையில் நிற்காவிட்டால் இந்தப் புகையில் நீ நிற்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். முதலில் அலுவலகத்து ஆட்கள் வாங்கினார்கள். பிறகு ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த வெளிநாட்டு ஆட்கள். ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பெட்டியில் மிளகாய்த்தூளும் வேப்பம்பூ வடகமும் இல்லாமல் போகாது. அந்த ஒன்றரை மாதத்தில் விற்றதை மற்ற மாதங்களில் விற்றதில்லை. கடைகளுக்குக் கொடுக்கவும் கேட்டார்கள். அதற்கு லேபலில் திகதிகள், பொருள் விபரம் எல்லாம் போடவேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார், கடைக்காரர் காசைப் பிந்தித்தான் தருவார். பிந்தி வருகிற காசு என் கணக்குக்குச் சரிவராது என்று விட்டுவிட்டேன்.

இந்தக் காசு சம்பளத்தோடு சேரவில்லை. பழைய பால்மா ரின் ஒன்றில் போட்டு, கிழமைக் கடனுக்கு மட்டும் எடுத்தோம். சம்பளத்தோடு சேர்ந்திருந்தால் அது எங்கே போனது என்றே தெரிந்திருக்காது, ஒரு சோடி சப்பாத்தும் ஒரு குளிர்பானமும் ஆகியிருக்கும். நுண்கடன் முடிந்ததும் அதே ரின் அடைவுக்கு மாறியது.

அடைவு பற்றி ஒரு விசயம் பலருக்குத் தெரியாது. வருடம் முடியும்போது வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவின் காலத்திலிருந்து அப்படித்தான். வாங்கிய முதல் தொகையிலும் இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம், கட்டக் கட்ட வட்டி குறையும். வங்கியில் யாரும் அதை வலிந்து சொல்வதில்லை. சொல்வது வேறொன்று. அந்த வருடங்களில் பவுண் விலை ஏறிக்கொண்டே போனது, திருப்பி வைக்கப் போனால் அதே எட்டுக் கிராமுக்கு முன்னையைவிடக் கூடத் தருவார்கள். கவுண்டரில் இருந்த பெண் ரசீதைப் பார்த்து, கல்குலேற்றரைத் தட்டி, "அக்கா, இதிலை இன்னும் எண்பது எடுக்கலாம். எடுக்கிறீங்களோ?" என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்டதுதான். எனக்குப் பக்கத்தில் நின்றவர் எடுத்துக்கொண்டு போனார். நான் மிளகாய்த்தூள் மணக்கிற நோட்டுகளை எண்ணிக் கொடுத்து, "முதலிலை கழியுங்கோ" என்றேன். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு நோட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அடுத்த தடவை போனபோது அரைக் கிலோ கேட்டு வைத்திருந்தார்.

இதெல்லாம் நடந்தும் முதல் வருடம் கடன் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. ஏன் என்று பார்க்க ஒரு கொப்பி போட்டு எல்லாச் செலவையும் எழுதினோம். சாப்பாடு, பள்ளிக்கூடம், பெற்றோல், மருந்து, கடைசியில் 'சபை' என்று ஒரு நிரல். சபை என்றால் கல்யாணம், சாமத்திய வீடு, குடிபூரல், பிறந்தநாள், அந்தியேட்டி, ஆட்டத் திவசம். வைகாசி, ஆவணி மாதங்களில் அந்த நிரல் மரக்கறிக்கும் மீனுக்கும் கொடுத்ததைத் தாண்டியது. என்வலப், கிட்டிய சொந்தம் என்றால் மோதிரம், எனக்கொரு சேலை, அதற்கு பிளவுஸ் தையல் கூலி, பிள்ளைகளுக்கு உடுப்பு, போய்வர ஓட்டோ. ஊமல் பொறுக்கி மிச்சம் பிடித்ததை ஒரு சாமத்திய வீட்டுப் பின்னேரத்தில் என்வலப்பில் வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். அதைவிட முக்கியம், நகையை அடைவில் வைத்ததில் ஒரு பகுதியே ஒரு கல்யாண வீட்டுச் செலவுக்குத்தான்.

சபைச் செலவைக் குறைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், குறைக்கக் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் கடன் வெளியே வரும். கடனை மறைக்கத்தான் இந்தச் செலவில் பாதி. அதனால் நாங்கள் முதலில் வீட்டுக்குள்ளேயே சொன்னோம். கணவர் வழிக் கல்யாணம் ஒன்றுக்கு வெளிக்கிட்டபோது மாமி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, வெறுங் கழுத்தோடையோ வாறாய்?"

"வெறுங் கழுத்தில்லை மாமி, தாலிக்கொடி கிடக்கு."

"மற்றதெல்லாம் எங்கை?"

"வங்கியிலை."

மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ரை காப்பும் கன காலம் அங்கைதான் கிடந்தது. மாமாக்கே தெரியாது" என்றார். போகும் வழியில் ஓட்டோவில் அந்தக் கதை முழுவதும் சொன்னார். எந்த வருடம், எந்தக் கடை, எவ்வளவு வட்டி, கடைசியில் ஏலத்தில் போன பதக்கம் என்ன எடை, எல்லாம் நினைவிருந்தது.

அதன்பிறகு எங்களுக்குள் ஒரு வழமை வைத்துக்கொண்டோம். செத்த வீட்டுக்கு எந்த நிலையிலும் போவோம். அங்கே கையால் வேலை செய்தால் போதும், காசு கேட்பதில்லை. கல்யாணம் கிட்டிய சொந்தத்துக்கு மட்டும், என்வலப் ஒரே அளவு, யாருக்கும் கூடக்குறைய இல்லை. சாமத்திய வீட்டுக்கு மண்டபத்துக்குப் போகாமல், பிறகொருநாள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவோம். பிறந்தநாளுக்குப் போவதில்லை. சேலை இருப்பதில் எது என்று அக்காவும் நானும் மாற்றிக்கொள்வோம். இரண்டு மூன்று வீடுகளில் முகம் நீட்டினார்கள். ஒரு வீட்டார் இன்னும் கதைப்பதில்லை. அந்தச் சண்டை பெரிய சண்டைதான், அதை நான் மெழுகிச் சொல்லப் போவதில்லை. ஆனால் அடைவு முழுதாக மீண்டதற்குக் காரணம் மிளகாய்த்தூளா, இந்த நிரலா என்று கேட்டால், கொப்பியைப் பார்த்தால் தெரியும், இந்த நிரல்தான். மிளகாய்த்தூள் வட்டியை நகரவிடாமல் பிடித்தது.

பிணை நிற்பதும் இதே வகைதான். இவர் கடையில் வேலை செய்கிற ஒருவர் கேட்டார். பிணை நின்ற கடன் எங்கள் பெயரிலும் கிரிப் அறிக்கையில், அதாவது வங்கிகள் பார்க்கிற கடன் விபர அறிக்கையில், ஏறும், அவர் தவறினால் எங்கள் பக்கம்தான் திரும்பும். இவர் மாட்டேன் என்று சொல்ல ஒரு கிழமை எடுத்தார். கடைசியில் சொன்னார்.

லண்டன் அண்ணைக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். நானே எழுதினேன். இந்தக் கடன் இன்ன மாதம் முடியும், அதற்குப் பிறகு உங்களுக்கு மாதம் இவ்வளவு தருவோம், அதுவரை தரமுடியாது என்று. அவர் ஒரு பெருவிரல் படம் மட்டும் அனுப்பினார். எனக்கு அது கோபமா சம்மதமா என்று விளங்கவில்லை. அடுத்த ஆவணியில் ஊருக்கு வந்தபோது ஐந்து கிலோ தூள் கேட்டார். காசை அந்தக் கணக்கில் கழிக்கச் சொன்னார். இவர் இப்போது வாட்ஸ்அப்புக்கு முன்னால் இருந்து கதைக்கிறார், சில நேரம் நான் போனைப் பறிக்கவேண்டியிருக்கிறது.

இப்போது மிச்சம் இருப்பது வீட்டுக் கடன். அதன் வட்டியும் 2022ஐவிட நன்றாக இறங்கிவிட்டது. அது ஓடுகிறபடி ஓடட்டும் என்று விட்டிருக்கிறோம். தூள் காசு ரின்னில்தான் போகிறது, ஆனால் இப்போது அது யாருக்கும் சொந்தமில்லாத காசாக இருப்பதால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை.

மாமியின் யோசனை பேத்திக்கு. மகளுக்குப் பதினொரு வயது. சாமத்திய வீடு வந்தால் மண்டபத்தில்தான் செய்யவேண்டும், ஒரே பேத்தி, இத்தனை வருடம் கொடுத்த என்வலப் எல்லாம் திரும்பி வருமே என்று கணக்கும் சொல்கிறார். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு ஐம்பது பேர், பகல் சாப்பாடு, முடிந்தது என்று நான் எழுதியே கொடுத்திருக்கிறேன். மாமி அந்தத் தாளை வாசித்துவிட்டு, ஐம்பதை அடித்து முந்நூறு என்று எழுதித் திருப்பித் தந்தார். இவர் இரண்டு பேருக்கும் ஓம் என்கிறார். மகளைக் கேட்டால், தனக்கு ஒன்றும் வேண்டாம், சைக்கிள் போதும் என்கிறாள்.